'ஃபயர்' முதல் 'சபர் போண்டா' வரை: தன்பால் ஈர்ப்பாளர், திருநர் வாழ்க்கையைச் சொல்லும் 11 இந்தியப் படங்கள் - யார், எதை, ஏன் பார்க்கலாம்?

"அம்மாகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். நேரா சொல்ல தைரியம் வரல. முதல்ல ஒரு படம் போட்டுக் காட்டணும். எந்தப் படம் காட்டலாம், நீயே சொல்லேன்."

சில மாதங்களுக்கு முன்பு என் தோழி ஒருத்தி போனில் கேட்ட கேள்வி இது. அவள் ஒரு பெண்ணை நேசிக்கிறாள். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், எதைக் கேட்டாலும் பட்டியல் போட்டுக் கட்டம் கட்டிக் கொடுப்பவள் நான். அதுதான் என் வேலையும்.

சட்டென்று வாயில் வந்தது 'அலிகர்'. நல்ல படம். ஆனால் அதில் கதாநாயகன் கடைசியில் இறந்துவிடுகிறார். "உன் பிள்ளையும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, தனிமையில் செத்துப்போகும் ஒருவரின் கதையை ஒரு அம்மாவுக்குக் காட்ட முடியுமா? நல்ல படம் என்பது வேறு, இப்போது தேவைப்படும் படம் என்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே இது வழக்கமான 'டாப் 10' பட்டியல் இல்லை. 7 மொழிகளில் வந்த 11 இந்தியப் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் சில கேள்விகள் கேட்டிருக்கிறேன். படம் வந்தபோது சட்டம் என்ன சொன்னது? அந்த வேடத்தில் நடித்தது யார்? முடிவில் அந்தப் பாத்திரம் உயிரோடு இருக்கிறதா? யாருக்கு இந்தப் படம் உதவும்? கதை முடிவு சிலவற்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அந்தந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

முதலில், சட்டம் எங்கே நிற்கிறது?

படங்களைப் புரிந்துகொள்ள இந்தத் தேதிகள் தேவை. சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

* 1860: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கியது. அதிகபட்சம் ஆயுள் தண்டனை.
* 2009 ஜூலை 2: வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்றது டெல்லி உயர் நீதிமன்றம்.
* 2013 டிசம்பர் 11: அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடியும் குற்றம்.
* 2014 ஏப்ரல் 15: தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை திருநர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது.
* 2018 செப்டம்பர் 6: தன்பால் உறவு குற்றமல்ல என்று 5 நீதிபதிகள் அமர்வு ஒருமித்துத் தீர்ப்பளித்தது.
* 2023 அக்டோபர் 17: தன்பால் இணையருக்குத் திருமண உரிமை வழங்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அதாவது இன்றைய நிலையில், சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. ஆனால் திருமணம் பதிவு செய்ய முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு தம்பதியாகக் குழந்தையைத் தத்தெடுக்கவும் முடியாது. கோர்ட் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. வீட்டுக் கதவு வேறு விஷயம்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்றில்லாமல் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364. தன்பால் ஈர்ப்பாளர்களைக் கணக்கெடுப்பில் யாரும் கேட்பதே இல்லை. 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு கொடுத்த மதிப்பீடு 25 லட்சம். எண்ணிக்கையில்கூட இவர்கள் பாதி மறைந்துதான் இருக்கிறார்கள்.

'ஃபயர்' படத்துக்கு முன்பு எதுவுமே இல்லையா?

இருந்தது. ஆனால் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிரேம் கபூர் இயக்கிய 'பத்னாம் பஸ்தி' (1971) என்ற இந்திப் படத்தில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் சம்பந்தப்பட்ட காதல் வருகிறது. பல ஆண்டுகள் தொலைந்துபோனதாகவே கருதப்பட்ட இந்தப் படத்தின் பிரதி ஒன்று, 2019-ல் பெர்லினில் உள்ள ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. நம் கதை ஜெர்மனியில் ஒரு டப்பாவுக்குள் கிடந்திருக்கிறது.

மலையாளத்தில் பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' (1986), பள்ளியிலிருந்து ஓடிப்போகும் இரண்டு மாணவிகளைப் பற்றியது. அவர்களுக்கு நடுவில் இருப்பது என்ன என்று படம் பெயர் சொல்லாது. ஆனால் பார்ப்பவர்களுக்குப் புரியும்.

இனி அந்த 11 படங்கள்.

1. ஃபயர் (1996, ஆங்கிலம்) - இயக்கம்: தீபா மேத்தா

டெல்லியில் ஒரு கூட்டுக் குடும்பம். கீழே உணவுக் கடையும் வீடியோ கடையும், மேலே வீடு. மூத்த மருமகள் ராதா (ஷபானா ஆஸ்மி), இளைய மருமகள் சீதா (நந்திதா தாஸ்). ஒருவர் கணவர் சாமியாரின் பேச்சைக் கேட்டு பிரம்மச்சரியம் காக்கிறார். இன்னொருவர் கணவருக்கு வேறு காதலி இருக்கிறாள். அடுப்படியிலும் மொட்டைமாடியிலும் இந்த இரண்டு பெண்களும் நெருங்குகிறார்கள்.

தணிக்கை வாரியம் வெட்டு இல்லாமல் அனுமதித்த படம் இது. ஆனால் 1998 நவம்பரில் இந்தியாவில் வெளியானதும், டிசம்பர் முதல் வாரத்தில் மும்பை, டெல்லி தியேட்டர்களை சிவசேனா தொண்டர்கள் அடித்து நொறுக்கினார்கள். படம் மறுபடி தணிக்கைக்குப் போய், மறுபடியும் வெட்டில்லாமல் வந்தது. டெல்லி ரீகல் தியேட்டர் முன்பு மெழுகுவர்த்தியோடு நின்ற பெண்களில் சிலர், 'லெஸ்பியன்' என்ற சொல்லை முதல் முறையாகப் பதாகையில் எழுதிக் கையில் பிடித்திருந்தார்கள். ஒரு படத்துக்கான போராட்டத்திலிருந்து ஒரு உரிமை இயக்கம் பிறந்தது.

தங்களுக்கு நடுவில் இருப்பதைச் சொல்ல நம் மொழியில் வார்த்தையே இல்லை என்று சீதா ஒரு இடத்தில் வருந்துவாள். இந்த இடத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

யாருக்கு? வரலாறு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு. பெற்றோரோடு பார்க்கும் முதல் படமாக வேண்டாம். கணவன் சரியில்லாததால்தான் இப்படி ஆனது என்று தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

2. மை பிரதர் நிகில் (2005, இந்தி) - இயக்கம்: ஓனிர்

கோவாவில் ஒரு நீச்சல் சாம்பியன். எச்ஐவி இருப்பது தெரிந்ததும் போலீஸ் பிடித்துப்போய்த் தனியே அடைத்து வைக்கிறது. அப்பா அம்மா ஒதுங்கிவிடுகிறார்கள். கூட நிற்பது அக்காவும் (ஜூஹி சாவ்லா) காதலனும்தான்.

இது கற்பனை மட்டும் இல்லை. 1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்பவர் எச்ஐவி இருந்த ஒரே காரணத்துக்காக, அங்கிருந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 64 நாட்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவருடைய வாழ்க்கைதான் இந்தப் படத்துக்குத் தூண்டுதல்.

யாருக்கு? அண்ணன், தங்கை, அக்கா, தம்பிகளுக்கு. அப்பா அம்மா ஏற்காத வீட்டில் உடன்பிறந்த ஒருவர் கூட நின்றால் என்ன ஆகும் என்று காட்டும் படம். கதாநாயகன் இறக்கிறார் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

3. மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா (2014, இந்தி-ஆங்கிலம்) - இயக்கம்: ஷொனாலி போஸ்

லைலா (கல்கி கோக்லின்) மூளை முடக்குவாதம் உள்ள கல்லூரி மாணவி. சக்கர நாற்காலியில் இருக்கிறாள், பாட்டு எழுதுகிறாள், கோபப்படுகிறாள், காதலிக்கிறாள். நியூயார்க்கில் படிக்கப் போன இடத்தில் பார்வையற்ற பெண்ணான கானும் மீது காதல் வருகிறது. ஆண்கள் மீதும் ஈர்ப்பு இருக்கிறது.

இந்தப் பட்டியலில் இருபால் ஈர்ப்பை நேராகப் பேசும் ஒரே படம் இதுதான். 'அப்போ நீ யார்? ரெண்டுல ஒண்ணு சொல்லு' என்று உலகம் கேட்கும்போது, இரண்டும்தான் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை லைலாவிடம் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உடல் ஆசையே இருக்காது என்று நினைக்கும் சமூகத்துக்கும் பதில் இருக்கிறது.

லைலாவின் அம்மாவாக நடித்திருப்பவர் நம்ம ரேவதி. மகள் விஷயம் தெரிந்ததும் அவர் முகத்தில் வரும் அதிர்ச்சி, கோபம், பிறகு மெல்ல வரும் இளக்கம். இந்தக் காட்சிகளுக்காகவே பார்க்கலாம்.

4. நானு அவனல்ல... அவளு (2015, கன்னடம்) - இயக்கம்: பி.எஸ். லிங்கதேவரு

'நான் அவனில்லை... அவள்' என்று பொருள். மாதேசா என்ற சிறுவன் வித்யா என்ற திருநங்கையாகும் பயணம். கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம ஊர் லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய 'நான், வித்யா' என்ற தன்வரலாற்றிலிருந்து. தமிழ்த் திருநங்கை ஒருவரின் வாழ்க்கை கன்னடத்தில்தான் படமானது. தமிழ் சினிமா அதைக் கண்டுகொள்ளவில்லை.

வித்யாவாக நடித்த சஞ்சாரி விஜய்க்கு 62-வது தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒப்பனைக்கும் விருது. 2021-ல் சாலை விபத்தில் அவர் இறந்தது பெரிய இழப்பு.

யாருக்கு? 'படிச்சு வேலைக்குப் போக வேண்டியதுதானே, ஏன் கடைகடையா கை நீட்டுறாங்க?' என்று கேட்பவர்களுக்கு. படித்த பிறகும் எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பதைப் படம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது.

5. அலிகர் (2016 வெளியீடு, இந்தி) - இயக்கம்: ஹன்சல் மேத்தா

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்திப் பேராசிரியராக இருந்த ராமச்சந்திர சிராஸின் உண்மைக் கதை. 2010 பிப்ரவரியில் ஓர் இரவு, சிலர் கேமராவோடு அவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர் ஒரு ஆணோடு இருந்ததைப் படம் பிடித்தார்கள். குற்றவாளி ஆனது நுழைந்தவர்கள் அல்ல, அவர். பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இங்கே தேதிகளைக் கவனியுங்கள். டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 7 மாதம் ஆகியிருந்தது. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பணியிடை நீக்கத்துக்குத் தடை விதித்தது. வழக்கில் ஜெயித்தார். ஏப்ரல் 7 அன்று வாடகை வீட்டில் பிணமாகக் கிடந்தார். சட்டம் காப்பாற்றினாலும் ஊர் காப்பாற்றவில்லை.

படம் 2016-ல் வந்தபோது 377 மறுபடி உயிர்பெற்றிருந்தது. சிராஸ் வாழ்ந்த காலத்தில் இல்லாத குற்றம், அவர் படம் ஓடிய காலத்தில் இருந்தது.

மனோஜ் பாஜ்பாய் தனியே உட்கார்ந்து, கையில் விஸ்கியோடு, லதா மங்கேஷ்கர் பாட்டைக் கேட்டுக் கூடவே முணுமுணுக்கும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. அந்தத் தனிமையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 'தன்பால் ஈர்ப்பு' என்ற தலைப்புக்குள் தன்னை அடைப்பதையே சிராஸ் விரும்பவில்லை என்பதையும் படம் நேர்மையாகச் சொல்கிறது.

6. நகர்கீர்த்தன் (2017, வெளியீடு 2019, வங்காளம்) - இயக்கம்: கௌசிக் கங்குலி

கீர்த்தனைக்குப் புல்லாங்குழல் வாசிக்கும் மதுவும், திருநங்கை புட்டியும் காதலிக்கிறார்கள். புட்டியின் அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்க்க வேண்டும். வழி கேட்க அவர்கள் தேடிப் போகும் பேராசிரியர் மானபி பந்தோபாத்யாய், இந்தியாவில் கல்லூரி முதல்வரான முதல் திருநங்கை. படத்தில் அவராகவே வருகிறார்.

புட்டியாக நடித்த ரித்தி சென் 65-வது தேசிய விருதுகளில் சிறந்த நடிகர். முடிவு மிகக் கொடூரமானது. பொது இடத்தில் நடக்கும் வன்முறையும் தற்கொலையும் வருகின்றன. மனம் சரியில்லாத நாளில் பார்க்க வேண்டாம். நிஜமாகவே சொல்கிறேன்.

7. சூப்பர் டீலக்ஸ் (2019, தமிழ்) - இயக்கம்: தியாகராஜன் குமாரராஜா

வீட்டை விட்டுப் போன அப்பா, ஷில்பா (விஜய் சேதுபதி) என்ற திருநங்கையாகத் திரும்பி வருகிறார். மனைவி உறைந்து நிற்கிறாள். சொந்தக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். ஏழு வயசுப் பையன் ராசுக்குட்டிக்கு மட்டும் எந்தப் பிரச்சினையும் இல்லை. அவனுக்கு அப்பா வந்துவிட்டார், அவ்வளவுதான்.

தமிழில் ஒரு முன்னணி நடிகர் இப்படி ஒரு வேடத்தை ஏற்றது பெரிய விஷயம். 67-வது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருதும் கிடைத்தது. ஆனால் பாராட்டோடு நிறுத்திவிட முடியாது. ஷில்பாவைக் குழந்தைகளைப் பிச்சை எடுக்க வைக்கும் கும்பலோடு தொடர்புபடுத்திய இடத்துக்காகத் திருநங்கைகள் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். தெருவில் ஏற்கெனவே 'பிள்ளை பிடிப்பவர்கள்' என்ற பழியைச் சுமப்பவர்கள் அவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. படத்தைப் பாருங்கள், இந்த விமர்சனத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

8. கீலி புச்சி (2021, இந்தி) - இயக்கம்: நீரஜ் கைவான்

நெட்ஃப்ளிக்ஸின் 'அஜீப் தாஸ்தான்ஸ்' தொகுப்பில் ஒரு குறும்படம். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் பாரதி மண்டல் (கொங்கணா சென் சர்மா) ஒரு தலித் பெண். ஆபீஸ் வேலைக்கு எல்லாத் தகுதியும் இருந்தும் கிடைக்கவில்லை. அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறாள் உயர்சாதிப் பெண் பிரியா (அதிதி ராவ் ஹைதரி). இரண்டு பேருக்கும் நடுவில் ஈர்ப்பு வருகிறது. சாதியும் கூடவே வருகிறது.

பிரியா வீட்டில் எல்லோருக்கும் ஒரு மாதிரி டீ கொடுத்துவிட்டு பாரதிக்கு மட்டும் தனி எவர்சில்வர் டம்ளர். நம்மில் பலருக்கு இந்த டம்ளர் தெரியும். 'காதலுக்குச் சாதி இல்லை' என்று சொல்பவர்களுக்கு, தன்பால் காதலுக்கும் சாதி உண்டு என்று இந்தப் படம் நிதானமாகக் காட்டுகிறது. என் தனிப்பட்ட வோட்டு, இந்தப் பட்டியலில் இதற்குத்தான்.

9. பதாய் தோ (2022, இந்தி) - இயக்கம்: ஹர்ஷவர்தன் குல்கர்னி

போலீஸ்காரர் ஷார்துல் (ராஜ்குமார் ராவ்), பி.டி. டீச்சர் சுமி (பூமி பெட்னேகர்). அவருக்கு ஆண்கள் மீது ஈர்ப்பு, இவளுக்குப் பெண்கள் மீது. வீட்டுத் தொல்லை தாங்காமல் இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அடுத்து என்ன? 'விசேஷம் உண்டா?' என்று வீடு கேட்க ஆரம்பிக்கிறது.

சிரிக்கச் சிரிக்கப் போகும் படம் இது. ஆனால் சிரிப்புக்கு அடியில் இருக்கும் விஷயம் நிஜம். இப்படிப்பட்ட 'ஏற்பாட்டுக் கல்யாணங்கள்' நம் ஊர்களிலும் நடக்கின்றன. தத்தெடுப்பில் சட்டம் போடும் முட்டுக்கட்டையையும் படம் பேசுகிறது. சுமியின் காதலியாக வரும் சும் தராங் அருணாச்சலப் பிரதேசத்துக்காரர்.

யாருக்கு? குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க. ஒரு முத்தக் காட்சிக்கு ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கலாம். மற்றபடி பயமில்லை.

10. காதல் - தி கோர் (2023, மலையாளம்) - இயக்கம்: ஜியோ பேபி

உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கத் தயாராகிறார் மேத்யூ தேவஸி (மம்மூட்டி). ஊரில் நல்ல பெயர். கல்லூரியில் படிக்கும் மகள். அந்த நேரம் பார்த்து மனைவி ஓமனா (ஜோதிகா) விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறார். காரணம்: கணவர் தன்பால் ஈர்ப்பாளர். இருபது வருடம் இரண்டு பேருமே வாழாத ஒரு வாழ்க்கை.

இந்தப் படம் செய்யும் முக்கியமான வேலை, மனைவியின் பக்கம் நிற்பது. மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் நசுங்குவது ஒருவர் அல்ல, இரண்டு பேர். ஓமனா கணவரைப் பழிவாங்கவில்லை. அவரையும் விடுவித்துத் தானும் வெளியே வருகிறார்.

திருமண உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 37-வது நாள், 2023 நவம்பர் 23 அன்று படம் வெளியானது. அரை நூற்றாண்டு நட்சத்திரமான மம்மூட்டி தானே தயாரித்து நடித்தார். கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது பெற்றது.

குறை? மேத்யூவுக்கும் தங்கனுக்கும் நடுவில் இருக்கும் காதலை நாம் கிட்டத்தட்ட பார்ப்பதே இல்லை. ஒரு பார்வை, ஒரு மழை, அவ்வளவுதான். பொதுப் பார்வையாளர்களை உள்ளே கொண்டுவரக் கொடுத்த விலை என்று சிலர் சொல்கிறார்கள். கோழைத்தனம் என்று சிலர். இரண்டுமே இருக்கலாம்.

11. சபர் போண்டா (2025, மராத்தி) - இயக்கம்: ரோஹன் பரசுராம் கனவாடே

சபர் போண்டா என்றால் சப்பாத்திக்கள்ளிப் பழம். மும்பையில் வேலை பார்க்கும் ஆனந்த், அப்பா இறந்ததும் 10 நாள் காரியத்துக்காகச் சொந்த கிராமத்துக்கு வருகிறான். சுற்றிலும் உறவுக்கூட்டம். 'எப்பப்பா கல்யாணம்?' என்ற கேள்வி. அங்கே சிறுவயது நண்பன் பால்யாவை மறுபடி பார்க்கிறான். அவனையும் கல்யாணத்துக்கு நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய சண்டை இல்லை, போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. முள்ளை எடுத்துவிட்டுப் பழத்தை நீட்டுவது போன்ற காதல். ஆனந்தின் அம்மாவுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் மகன் பக்கம்தான் நிற்கிறார். இப்படி ஒரு கிராமத்து அம்மாவை இந்தியத் திரையில் பார்ப்பது அபூர்வம். அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் உலக சினிமா நாடகப் பிரிவின் நடுவர் பெரும் பரிசைப் பெற்றது இந்தப் படம்.

கட்டத்தில் போட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது?

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த 11 படங்களும் நான் தேர்ந்தெடுத்தவை. இதை வைத்து இந்திய சினிமா முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

சாவு: 11-ல் 3 படங்களில் மையப் பாத்திரம் இறக்கிறது. 2020-க்குப் பிறகு வந்த 4 படங்களில் யாரும் இறக்கவில்லை. 'இப்படி இருந்தால் சாவுதான் முடிவு' என்ற கதையிலிருந்து, 'இப்படியே இருந்து எப்படி வாழ்வது' என்ற கதைக்கு நகர்ந்திருக்கிறோம்.

நடிப்பவர்: திருநங்கையை மையமாகக் கொண்டவை 3 படங்கள். மூன்றிலும் நடித்தவர்கள் ஆண்கள். மூவருக்கும் தேசிய விருது. அவர்கள் திறமையில் சந்தேகமில்லை. ஆனால் விருது கொடுக்கும் அளவு முக்கியமான வேடம் என்றால், அதில் ஒரு திருநங்கையை நடிக்கவைக்க ஏன் யோசிக்கவில்லை? ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2011-லேயே 'நர்த்தகி' என்ற தமிழ்ப் படத்தில் கல்கி சுப்ரமணியம் முதன்மை வேடத்தில் நடித்தார். தஞ்சாவூரைச் சேர்ந்த நேகா, 'அந்தரம்' என்ற மலையாளப் படத்துக்காகக் கேரள அரசின் சிறப்பு விருது பெற்றார். 'பேரன்பு' படத்தில் மம்மூட்டியோடு அஞ்சலி அமீர் நடித்தார்.

காணாமல் போனவர்கள்: திருநம்பிகளைப் பற்றி இந்தப் பட்டியலில் ஒரு படம்கூட இல்லை. தேடிப் பார்த்தேன், வெகுஜன சினிமாவில் சேர்க்கும்படி ஒன்றும் அகப்படவில்லை. இது பட்டியலின் குறை மட்டும் இல்லை.

தமிழ் சினிமா எங்கே இருக்கிறது?

நீண்ட காலம் கேலியிலும் வில்லத்தனத்திலும்தான் இருந்தது. 'அப்பு' (2000) படத்தின் மகாராணி வேடம் ஞாபகம் இருக்கும். 'ஐ' (2015) படத்தில் வந்த திருநங்கை வேடத்தைக் கேவலப்படுத்திய விதத்துக்காகச் சென்னையில் போராட்டமே நடந்தது. தியேட்டரில் நாம் சிரித்த சிரிப்பு, வெளியே பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மீது கல்லாக விழுந்தது.

மாற்றம் வந்திருக்கிறது. 'காஞ்சனா' (2011) பேய்ப் படம்தான், ஆனால் சரத்குமாரின் திருநங்கை வேடத்துக்குக் கண்ணியம் இருந்தது. 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' (2020), 1980-களின் கொங்கு கிராமத்தில் சத்தார் என்ற திருநங்கையின் கதை. அழவைக்கும், முடிவு துயரம். பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) தன்பால் இணையரையும் திருநங்கையையும் காதல் பற்றிய அதே விவாதத்தில், மற்ற எல்லோரோடும் சமமாக உட்காரவைத்தது. யாரும் அவர்களை விளக்க வேண்டியிருக்கவில்லை. அது பெரிய முன்னேற்றம்.

வார்த்தை இல்லை என்றாளே சீதா?

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெற்றோர் எதிர்ப்பால் வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளுக்குத் தடை விதித்தார். அதே வழக்கின் தொடர்ச்சியாக, மரியாதையான தமிழ்ச் சொற்கள் அடங்கிய பட்டியலை 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது.

இன்று தன்பால் ஈர்ப்பாளர், இருபால் ஈர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி, திருநர் என்று சங்கடமில்லாமல் எழுத முடிகிறது. இந்தக் கட்டுரையை 1998-ல் எழுதியிருந்தால் பாதி வசைச்சொல்லாகத்தான் இருந்திருக்கும். ஒரு நீதிபதியே 'எனக்குக் கற்றுக்கொடுங்கள்' என்று கேட்கலாம் என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் கற்றுக்கொள்ள நேரம் எடுப்பதில் தப்பில்லை. படம் அதற்கு ஒரு வழி.

சரி, யாருக்கு எது?

* பெற்றோரோடு முதல் முறை: 'காதல் - தி கோர்' அல்லது 'சபர் போண்டா'.
* சிரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்க: 'பதாய் தோ'.
* 'சட்டம்தான் மாறிடுச்சே' என்பவர்களுக்கு: 'அலிகர்'.
* சாதியையும் சேர்த்துப் பேச: 'கீலி புச்சி'.
* திருநர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள: 'நானு அவனல்ல... அவளு'. முடிந்தால் 'நான், வித்யா' புத்தகத்தையும் படியுங்கள்.
* தனியாக, மனம் திடமாக இருக்கும்போது: 'நகர்கீர்த்தன்'.

ஓடிடி தளங்களில் படங்கள் வரும், போகும். 'கீலி புச்சி' நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. 'காதல்' அமேசான் ப்ரைமில் வெளியானது. மற்றவற்றைப் பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள்.

ஒரு விஷயம் முக்கியம். படம் போட்டுக் காட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் சொன்னால் அடி விழும், வெளியே துரத்துவார்கள், போனைப் பிடுங்கிக் கட்டாயக் கல்யாணம் செய்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், சொல்லாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். முதலில் தங்க இடம், கையில் கொஞ்சம் பணம், நம்பிக்கையான ஒரு ஆள். பிறகு படம். மனம் உடைந்துபோனால் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள்.

என் தோழி 'காதல்' படத்தைத்தான் தேர்ந்தெடுத்தாள். அவள் அம்மா ஜோதிகாவின் ரசிகை, அதுவும் ஒரு காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். அம்மா நடுவில் எழுந்து போகவில்லை. படம் முடிந்ததும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஓமனா பாவம். முன்னாடியே யாராவது வாயத் திறந்து சொல்லியிருந்தா அவ இருபது வருஷம் வீணாப் போயிருக்காதுல்ல?" என்று கேட்டாராம்.

தோழி இன்னும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டாரை, அம்மா தானாகவே தள்ளிப்போட்டிருக்கிறார்.